பதினேழு குறுக்கு

நண்டு என்றுதான் கையெழுத்துப் போடுவான்.
ஆள் யாரென்று தெரியாது.
ஞாயிறு தவறாமல் கட்டம் கட்டிக் காத்திருப்பான்,
ஒரு வாக்கியம்கூட நேராக நடக்கத் தெரியாதவன்.
‘புண்ணியத் தலத்தில் பள்ளமே இல்லை, மீன் உண்டு’ என்பான்.
கங்கையில் முங்கி, தலை துவட்டி,
கயா வரைக்கும் போய்த் திரும்பினால்
இங்கேயே, மூக்குக்கு எட்டும் தூரத்தில்
காசிமேடு.

அந்த ஒரு நொடிக்காக அவனை மன்னிக்கலாம்.
தொண்டையில் நின்ற முள்
சோற்றுருண்டையோடு இறங்குகிற நொடி.

மற்றபடி அவனால் எனக்குக் கண் கெட்டது.
எந்தப் பெயரையும் சும்மா படிக்க முடிவதில்லை.
தண்டை அணிந்தது யார் என்கிறது ஸ்டேஷன் பலகை;
பேட்டைக்குத் தெரியவில்லை.
எண்ணூர் கணக்குப் போடுகிறது.
பார்சல் ஆபீஸில் ‘உடையும் பொருள்’ சீட்டு ஒட்டும்போது
எந்த இடத்தில் உடைக்க என்று கை நிற்கிறது.
கடலுக்குத் தலை போனால் டல் என்றேன்.
சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா பென்சில். நான் பேனா.
பால் பொங்குவதற்குள் நாலு சொல் முடித்திருப்பாள்,
மாவில் பூனை நடந்த மாதிரி எழுத்து.
என்னுடையது நீல மை, பின்பக்கத்து
நகைக்கடை விளம்பரத்தில் புடைத்துத் தெரியும்.
‘அழிக்க முடியாததை ஏன் இவ்ளோ சீக்கிரம் எழுதுற?’
என்று கேட்பாள்.
கட்டத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு,
தேசிங்குவின் கடன் பத்திரத்தில்
ஜாமீனாக என் கையெழுத்து இருக்கிற செய்தியை
யாரோ ஒரு வசூல்காரன் போனில் அவளுக்குச் சொன்னான்.
அதோடு வீட்டில் பேச்சு நின்றது.
டிபன் பாக்ஸ் மேல் மடித்த பேப்பர் மட்டும்
திங்களும் வந்தது, செவ்வாயும் வந்தது,
ஒவ்வொரு நாளும் இரண்டு பென்சில் சொல் கூடுதலாக.
பதினேழு குறுக்கை அவள் தொடவே இல்லை.

‘வாய் திறந்தால் அக்கரை சேர்ப்பது; ரயில்கள் உறங்கும் இடம்.’

ஆறு எழுத்து. கடைசி எழுத்து ன்,
பன்னிரண்டு நெடுக்கில் நான் போட்ட ‘கலன்’ தந்தது.
ஓடக்காரன்! எண்ணிப் பார்த்தால் சரியாக ஆறு.
ஆனால் ரயில் எதற்கு அவன் மடியில் தூங்க வேண்டும்?
அதுவும் போக, இரண்டாம் கட்டத்தில்
அவளுடைய சி உட்கார்ந்திருக்கிறது.
பென்சில்தானே, அழித்துவிடலாமா என்று
புதன்கிழமை ராத்திரி ரப்பரைத் தேடியவன் நான்.

இன்றைக்கு வியாழன்.
கொருக்குப்பேட்டை தாண்டி
எல்லா வண்டியும் நிற்கிற இடத்தில்
எங்கள் வண்டியும் நின்றது.
பக்கத்துத் தண்டவாளத்தில் ஜன்னல் சாத்திய எக்ஸ்பிரஸை
ரப்பர் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
கூடை வைத்திருந்த அம்மா போனில் கத்தினாள்:
‘பேசின் பிரிட்ஜ்லதான்யா நிக்குது, இன்னும் பத்து நிமிசம்.’

பேசின்.
பேசினால்.
பேசின் பாலம்.

இருபத்திரண்டு வருஷம் இந்தப் பெயருக்குள் நின்று
கைக்கடிகாரம் பார்த்திருக்கிறேன்,
அது ஒரு நிபந்தனை என்று தெரியாமல்.

அவள் சி அசையாமல் பொருந்தியது.
கடைசி எழுத்து ம்.
பன்னிரண்டு நெடுக்கைத் திரும்பப் படித்தேன்:
‘கலக்கம் நடுவே காலியானால் கப்பல்.’
கலம்.
எதிர் சீட்டுப் பள்ளிக்கூடப் பையன்கூடப் போட்டிருப்பான்.
கலக்கத்தில் ன் ஏது?

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் குக்கர்,
அதற்கும் பின்னால் எதிர்வீட்டு நாய்.
‘பதினேழு குறுக்கு’ என்றேன்.
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.
மூன்று விசில் வரைக்கும் இருந்துவிட்டுக் கேட்டாள்:

‘அந்த ன்-ஐ அடிச்சியா?’